நாசில் செக் சரி, படத்தில்தான் கோடு: டி60-இல் ரீஃபில் கார்ட்ரிட்ஜ்

கேள்வி, 22 ஜூலை 2013

அண்ணே, எங்களுடையது சின்ன ஸ்டுடியோ. எப்சன் டி60 பிரிண்டரில் ரீஃபில் கார்ட்ரிட்ஜ் மாட்டி, வெளியே டேங்க் வைத்து டியூப் இழுத்திருக்கிறோம். இங்க் வருகிற துளைகளைச் சோதிக்கும் நாசில் செக் எடுத்தால் ஆறு கலரும் முழுசாக வருகிறது. பாஸ்போர்ட் சைஸ் போட்டால் ஒரு குறையும் இல்லை. கல்யாண குரூப் போட்டோவை ஏ4-இல் போட்டால் மட்டும் பின்னால் இருக்கிற இளநீலத் திரையில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுகிறது, முகமெல்லாம் பச்சை பூத்த மாதிரி இருக்கிறது. ஹெட் (இங்க் தெளிக்கிற முனை) கிளீனிங் கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டது. கிளீனிங் முடிந்ததும் ஒரு படம் நன்றாக வரும், அடுத்தது பழையபடிதான். சர்வீஸ்காரர் பார்த்துவிட்டு ஹெட் போய்விட்டது, புது பிரிண்டர் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். ரீஃபில் இங்க்கில் போட்டோ போட்டால் இப்படித்தானா?

22 ஜூலை, இரவு

ஹெட் போகவில்லை தம்பி. முதலில் கிளீனிங் கொடுப்பதை நிறுத்துங்கள்.

ஹெட் போயிருந்தால் நாசில் செக்கிலேயே தெரிந்திருக்கும். டி60 ஹெட்டில் ஒரு கலருக்கு 90 நாசில், ஆறு கலருக்கும் சேர்த்து 540. நாசில் செக்கில் ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கோடு போடுகிறது, அவ்வளவுதான். அதற்குச் செலவாகும் இங்க் மிகக் கொஞ்சம். துளை திறந்திருக்கிறதா என்று அது சொல்லும். பின்னாலிருந்து இங்க் விடாமல் வந்து சேருகிறதா என்று சொல்லாது. பாஸ்போர்ட் படமும் அப்படித்தான். 35-க்கு 45 மில்லிமீட்டர் படம் எட்டை ஒரு 4-க்கு 6 அங்குலத் தாளில் போட்டாலும், கார்ட்ரிட்ஜில் இருக்கிற இங்க்கே போதும். ஏ4 முழுக்க ஒரு திரையை நிரப்பும்போதுதான் வரத்து போதாமல் போவது வெளியே தெரியும்.

ஒன்றே ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். பச்சை முகம் படம் முழுக்க ஒரே மாதிரி இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டுமா? ஒரு பக்கம் மட்டும் என்றால், பிரிண்டரிலிருந்து முதலில் வெளியே வந்தது எந்தப் பக்கம்?

23 ஜூலை

தம்பி எழுதிய பதில்: பெண் வீட்டார் நிற்கிற பக்கம் நன்றாக இருக்கிறதாம், மாப்பிள்ளை வீட்டார் பக்கம்தான் பச்சையாம். பெண் வீட்டார் பக்கம்தான் முதலில் வெளியே வந்ததாம்.

சரி, முக்கால்வாசி விஷயம் இதிலேயே இருக்கிறது. அகலவாக்கில் எடுத்த படத்தை ஏ4-இல் போட்டால் தாள் உள்ளே நெடுக்காகப் போகும், படம் இடமிருந்து வலமாக அச்சாகும். தொடக்கத்தில் இங்க் போதுமான அளவு இருக்கிறது, போகப் போக ஏதோ ஒரு கலர் தீர்ந்துகொண்டே வருகிறது. எந்தக் கலர்? முகத்தின் நிறத்தை டி60 பெரும்பாலும் லைட் மெஜந்தாவையும் (வெளிர் ரோஸ்) மஞ்சளையும் வைத்துத்தான் போடுகிறது. அதில் மெஜந்தா குறைந்தால் மிச்சம் தெரிவது பச்சை. இளநீலத் திரை பெரும்பாலும் லைட் சயான் (வெளிர் நீலம்). ஆக, உங்களுக்கு வரத்து குறைவது இந்த இரண்டு வெளிர் கலர்களில். இதில் அதிசயமும் இல்லை. போட்டோ போடுகிறவர்களுக்கு மற்ற நான்கைவிட இந்த இரண்டும்தான் சீக்கிரம் காலியாகும். வானம், திரை, முகம், வெள்ளை வேட்டியின் நிழல் எல்லாம் இவற்றின் தலையில்தான் விழுகிறது.

இதை உறுதி செய்ய ஒரு தாள் செலவழியுங்கள். போட்டோஷாப்பில் ஏ4 அளவு எடுத்து, தாள் போகிற திசையிலேயே நெடுக்காக ஆறு பட்டை போடுங்கள்: அழுத்தமான சயான், அழுத்தமான மெஜந்தா, மஞ்சள், கறுப்பு, வெளிர் நீலம், வெளிர் ரோஸ். பட்டை குறுக்காக இருந்தால் பயனில்லை, ஒவ்வொரு கலரும் தாளின் தலை முதல் கால் வரை ஓட வேண்டும். கிளாஸி பேப்பரில், போட்டோ தரத்தில் போடுங்கள். மேலே அழுத்தமாகத் தொடங்கி வழியிலேயே வெளிறுகிற பட்டைதான் நாம் தேடுவது. அது முடிந்த கையோடு ஒரு நாசில் செக்கும் எடுங்கள். ஓய்ந்திருக்கிற பிரிண்டரில் எடுக்கும் நாசில் செக்கை நம்பக்கூடாது, ஓடிக் களைத்த பிறகு எடுப்பதுதான் உண்மையைச் சொல்லும்.

23 ஜூலை, இன்னொரு குறிப்பு

டேங்க்கை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க விட்டுப்போனது. பிரிண்டர் நிற்கிற அதே மேசையில்தான் டேங்க்கும் உட்கார வேண்டும். இடம் இல்லை என்று பிரிண்டரின் தலைமேல் வைத்தால் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிக் கட்டிய கதைதான், இங்க் தானாக இறங்கி ஹெட்டுக்கு அடியில் சொட்டும், பக்கத்துக் கலரோடு கலக்கும். கீழே ஸ்டூலில் வைத்தால் இங்க் டேங்க்கை நோக்கித் திரும்பி இறங்கும், நாசில் வழியாகக் காற்று உள்ளே ஏறும். ஹெட்டுக்குப் பின்னால் ஒரு மெல்லிய இழுவிசை இருந்தால்தான் துளி நிற்கும். அந்த இழுவிசை கூடினாலும் கோடு, குறைந்தாலும் ஒழுகல்.

25 ஜூலை

தம்பி அனுப்பிய ஆறு பட்டைத் தாளின் ஸ்கேன் பார்த்தேன். வெளிர் நீலப் பட்டை தாளின் நடுவிலேயே நரைக்கத் தொடங்கி, முடிவில் வெறும் கோடுகளாக நிற்கிறது. வெளிர் ரோஸ் கடைசிப் பகுதியில் மங்குகிறது. மற்ற நான்கும் கடைசி மில்லிமீட்டர் வரை கெட்டியாக இருக்கின்றன. ஹெட் போய்விட்டது என்ற பேச்சுக்கு இனி இடம் இல்லை.

டேங்க்கின் மேல் இரண்டு ஓட்டைகள் இருக்கும். பெரியது இங்க் ஊற்ற, அது மூடியே இருக்க வேண்டும். சின்னது காற்றுக்கு. ஓடும்போது சின்னது திறந்திருக்க வேண்டும், தூசி போகாமல் இருக்க அதில் ஒரு குட்டி ஃபில்டர் செருகியிருப்பார்கள். உங்கள் லைட் சயான் டேங்க்கின் ஃபில்டரைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். காற்று போகவில்லை என்றால் ஃபில்டர் நனைந்திருக்கிறது. கடை மாற்றும்போதோ மேசையைத் துடைக்கும்போதோ யாராவது டேங்க்கைச் சாய்த்திருந்தால் இது நடக்கும். இங்க் காய்ந்து அடைத்துக்கொள்ளும், டேங்க்குக்குள் காற்று போகாது, காற்று போகாவிட்டால் இங்க் வராது.

இப்போது நீங்கள் சொன்ன விநோதத்துக்கும் விடை கிடைக்கிறது. கிளீனிங் கொடுத்ததும் ஒரு படம் மட்டும் ஏன் நன்றாக வந்தது? கிளீனிங்கின்போது கீழே இருக்கிற பம்ப் ஹெட்டை வைத்து உறிஞ்சுகிறது. அந்த வேகத்தில், அடைப்பையும் மீறிக் கொஞ்சம் இங்க் கார்ட்ரிட்ஜின் வாய் வரை வந்துவிடுகிறது. அந்த இங்க் இருக்கிற வரை படம் நன்றாக வரும். தீர்ந்ததும் பழைய நிலை. ஆறு கலரையும் சேர்த்துத்தான் உறிஞ்சுகிறது என்பதால், ஒரு கலருக்காக மற்ற ஐந்தையும் வீணாக்குகிறீர்கள். அது போய்ச் சேருகிற இடம் பிரிண்டரின் அடியில் இருக்கிற பஞ்சு. எவ்வளவு இங்க் அங்கே போனது என்று பிரிண்டர் உள்ளுக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு நிறைந்தால் இரண்டு விளக்கும் மாறி மாறி மின்னும், ஒரு தாள்கூட அச்சாகாது. ரீசெட் சாஃப்ட்வேர் வைத்துக் கணக்கைச் சுழியாக்கலாம், பஞ்சு காய்ந்துவிடாது. ரீசெட் செய்கிறவர்கள் பஞ்சையும் மாற்றுங்கள். இல்லையென்றால் கழிவு டியூபை வெளியே இழுத்து ஒரு பாட்டிலில் விடுங்கள், எங்கள் பக்கத்து ஸ்டுடியோக்களில் பலரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அப்படிச் செய்யாமல் கணக்கை மட்டும் அழித்தால் ஒருநாள் மேசை முழுக்க இங்க் ஓடும்.

26 ஜூலை

ஃபில்டர் நனைந்துதான் இருந்ததாம். லைட் மெஜந்தா டியூபில் விரல் நீளத்துக்குக் காற்றும் நிற்கிறதாம். ஃபில்டரைப் புதிதாகப் போடுங்கள், அது கிடைக்காவிட்டால் துளியளவு பஞ்சு போதும், இறுக்கி அடைக்காதீர்கள்.

காற்றை எடுக்க: கார்ட்ரிட்ஜைக் கழற்றி, வாயை மேலே பார்க்கப் பிடித்து, ரப்பர் முனை வைத்த சிரிஞ்சை இங்க் வெளியேறும் வாயில் அழுத்தி மெதுவாக இழுங்கள். முதலில் நுரை வரும், அப்புறம் இங்க்கும் குமிழியுமாக வரும், கடைசியில் வெறும் இங்க் வரும். அவசரப்பட்டு வேகமாக இழுத்தால் ஓரத்திலிருந்து புதுக்காற்று உள்ளே போகும். டியூபில் நின்ற காற்றும் இழுத்த இழுப்பில் நகர்ந்து வந்துவிடும். மாட்டிய உடனே பிரிண்ட் கொடுக்க வேண்டாம், ராத்திரி அப்படியே விட்டுவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் ஒன்றுசேர்ந்து மேலே ஏற நேரம் வேண்டும்.

சிப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரீஃபில் கார்ட்ரிட்ஜில் இருக்கிற ஆட்டோ ரீசெட் சிப், காலியானதாகக் காட்டி மறுபடி நிறைந்ததாகக் காட்டும். உள்ளே இங்க் இருக்கிறதா என்று அதற்குத் தெரியவே தெரியாது. கம்ப்யூட்டர் திரையில் அளவு முழுசாக இருக்கிறது என்று நம்பி டேங்க்கைப் பார்க்காமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். டேங்க்கில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும்போதே ஊற்றிவிடுங்கள்.

28 ஜூலை

இன்னொரு நண்பர், கம்பெனி இங்க் தவிர வேறு எதுவும் போட்டோவுக்கு ஆகாது என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். கீழேயே வேறொருவர், எல்லா இங்க்கும் ஒரே தண்ணீர்தான், பெயரில்தான் வித்தியாசம் என்கிறார். இரண்டையும் ஏற்க முடியாது.

எப்சன் ஹெட் பீசோ வகை. மின்சாரம் பட்டதும் உள்ளே இருக்கிற படிகம் வளைந்து துளியைத் தள்ளுகிறது. ஹெச்பி, கேனன் வகை வேறு. அங்கே ஒரு நுண்ணிய ஹீட்டர் ஒரு கணம் 300 டிகிரிக்கு மேல் சூடாகி, ஆவிக் குமிழி உண்டாகி, அது துளியைத் தள்ளுகிறது. இரண்டுக்கும் வேண்டிய இங்க்கின் தடிமனும் பரப்பு இழுவிசையும் வேறு. எல்லா பிரிண்டருக்கும் ஆகும் என்று எழுதி விற்கிற பாட்டில் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு சமரசம். கடிதம் அடிக்கப் போதும், முகம் போட அதை வாங்காதீர்கள். பீசோவுக்கென்று, ஆறு கலர் செட்டாக, டை இங்க் (தண்ணீரில் கரைந்த சாயம்) என்று கேட்டு வாங்குங்கள். அப்படி ஒரே இடத்தில் ஒரே செட் தொடர்ந்து வாங்கிப் போடுகிறவர்களுக்கு ரீஃபில் இங்க்கில் நல்ல படம் வருகிறது, நான் வைத்திருக்கிற மிஷினே சாட்சி.

முக்கியமான ஒன்று. லைட் சயான் தீர்ந்துவிட்டது, கடையில் இல்லை என்று சாதா சயானை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். முகத்தில் மண் தூவின மாதிரிப் புள்ளி விழும், வானம் கருத்துவிடும். தண்ணீர் கலந்து லைட் ஆக்குவதும் கூடாது, இங்க்கின் பிடிமானம் கெட்டுச் சொட்டும்.

கறுப்பிலும் கவனம். நான்கு கலர் பிரிண்டருக்கு விற்கிற கறுப்பு பல நேரம் பிக்மென்ட் (கரையாத நுண்பொடி). டி60-இன் கறுப்பு டை. பிக்மென்ட் கறுப்பை இதில் ஊற்றினால் கிளாஸி பேப்பரின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும், மாப்பிள்ளையின் கோட்டைச் சாய்த்துப் பார்த்தால் வெண்கலம் போல மின்னும், விரலால் தேய்த்தால் கையோடு வரும். சில வாரம் ஓடாமல் கிடந்தால் ஹெட்டில் உறைந்தும் விடும். எந்த வகை என்று சந்தேகம் இருந்தால், சாதா பேப்பரில் ஒரு கறுப்புக் கட்டம் போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். டை என்றால் கரைந்து நீலமோ ஊதாவோ ஓரமாகப் பரவும். பிக்மென்ட் என்றால் அப்படியே நிற்கும்.

28 ஜூலை, மாலை

ஹெச்பி கலர் கார்ட்ரிட்ஜில் ஊசி போட்டு நிரப்பி, மஞ்சளுக்குப் பச்சை வருகிறது என்று கேட்ட தம்பிக்கு: உங்கள் பிரச்சினை முழுக்க வேறு. அதில் ஹெட்டே கார்ட்ரிட்ஜோடுதான் இருக்கிறது. மூன்று அறை, மூன்றிலும் பஞ்சு. பஞ்சு தாங்குவதற்கு மேல் நிரப்பினால் அடியில் கலர்கள் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும், மஞ்சள் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை வருவது அதனால்தான்.

டிஷ்யூ பேப்பரை லேசாக ஈரமாக்கி, கார்ட்ரிட்ஜின் அடியை அதில் அழுத்தி எடுங்கள். மூன்று கோடுகள் தனித்தனியாகப் பதிய வேண்டும். கோடு வரவில்லை என்றால் அடைப்பு. மூன்றும் சேர்ந்து சேற்று நிறத்தில் வந்தால் அதிகம் ஊற்றியிருக்கிறீர்கள், டிஷ்யூவிலேயே வைத்து வைத்து, கோடு பிரிகிற வரை உறிஞ்சவிடுங்கள். தீர்ந்த கார்ட்ரிட்ஜில் ஒரு பக்கம்கூட ஓட்டாதீர்கள். ஹீட்டரைக் குளிர வைப்பதே இங்க்தான், அது இல்லாமல் ஓடினால் ஹீட்டர் கருகும், அப்புறம் எந்த இங்க்கும் அதை மீட்காது.

2 ஆகஸ்ட்

கரண்ட் கட் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், இன்று மத்தியானம் பாதிப் படத்தில் கரண்ட் போனது.

வேலை முடிந்தால் ஹெட் வலது ஓரம் போய் ரப்பர் மூடியின் மேல் உட்கார்ந்துகொள்ளும். நாசில் காயாமல் இருப்பதே அந்த மூடியால்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஹெட் நடுவழியில் வாய் திறந்து நிற்கும். நம் ஊர் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? இந்தக் காற்றில் அத்தனை நேரமும் 540 துளையும் காய்ந்துகொண்டிருக்கும். ஸ்டுடியோக்களில் ஹெட் கெடுவதற்கு இங்க்கைவிட இது பெரிய காரணம் என்பது என் கணிப்பு. கம்ப்யூட்டருக்கு மட்டும் யூபிஎஸ் போட்டுவிட்டு பிரிண்டரைச் சுவர் பிளக்கில் மாட்டியிருக்கிறோம். இங்க்ஜெட் இழுக்கிற கரண்ட் மிகக் குறைவு, அதையும் யூபிஎஸ்ஸிலேயே மாட்டுங்கள். ராத்திரி அணைக்கும்போதும் பிரிண்டரின் பட்டனை அழுத்தி அணைத்து, ஹெட் மூடிக்குப் போன பிறகு மெயினை அணையுங்கள்.

ஆடி மாதம் இன்னொரு ஆபத்து. முகூர்த்தம் இல்லை, பிரிண்டர் சும்மா கிடக்கும். ஒருநாள் விட்டு ஒருநாளாவது ஒரு 4-க்கு 6 போடுங்கள். நாசில் செக் மட்டும் எடுத்தால் போதாது, எல்லாக் கலரும் கொஞ்சமாவது ஓடுகிற ஒரு படம் வேண்டும். ஆவணியில் முதல் ஆர்டர் வரும்போது அடைப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

4 ஆகஸ்ட்

நிஜமாகவே அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தின்னர், அசிட்டோன், ஸ்பிரிட் கலந்த எதையும் கொண்டுபோகாதீர்கள், ஹெட்டை ஒட்டியிருக்கிற பசையை அவை பிரித்துவிடலாம். போர் தண்ணீரும் வேண்டாம், அதன் உப்பே அடுத்த அடைப்பு. பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் போதும்.

கார்ட்ரிட்ஜ் மாற்றுகிற நிலைக்கு ஹெட்டை வரவைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஹெட்டை கையால் மெதுவாக ஓரம் தள்ளுங்கள். வலது பக்கம் ரப்பர் மூடி தெரியும். அதன் விளிம்பைப் பாருங்கள். காய்ந்த இங்க்கும் தலைமுடியும் பேப்பர் தூளும் ஒட்டிக்கிடக்கும். விளிம்பு சுத்தமாக இல்லாவிட்டால் ஹெட் மூடி மேல் இறுக்கமாக உட்காராது, பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும். அந்த நிலையில் எத்தனை கிளீனிங் கொடுத்தும் ஒன்றும் ஆகாது. நனைத்த துணியால் விளிம்பைத் துடைத்து, மூடிக்குள் இருக்கிற பஞ்சின் மேல் விளிம்பு வரை தண்ணீர் விட்டு, பிளக்கை மாட்டி ஒரு கிளீனிங் கொடுங்கள். பிறகு மறுபடி திறந்து பாருங்கள். தண்ணீர் போய்விட்டதா? பம்ப் நன்றாக இருக்கிறது. அப்படியே நிற்கிறதா? கோளாறு ஹெட்டில் இல்லை, பம்பிலோ அதன் டியூபிலோ இருக்கிறது. ஹெட்டை மாற்றச் சொல்கிற யாரிடமும் முதலில் இந்தச் சோதனை செய்தீர்களா என்று கேளுங்கள்.

அடைப்பு நீங்கவில்லை என்றால், மூடியில் தண்ணீர் விட்டு ஹெட்டை அதன் மேல் இரவு முழுக்க உட்கார வைத்து, காலையில் ஒரே ஒரு கிளீனிங். அதற்கு மேல் அவசரம் காட்டினால் காற்றுதான் ஏறும்.

11 ஆகஸ்ட்

தம்பி புது பிரிண்டை அனுப்பியிருக்கிறார். கோடு சுத்தமாக நின்றுவிட்டது. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பக்கமும் ஒரே நிறம். ஆனால் அந்த ஒரே நிறத்தில் இன்னும் கொஞ்சம் பச்சை தெரிகிறது என்கிறார்.

இது வேறு குறை. முன்னது வரத்துக் குறை, இது நிறக் கணக்கு. முன்னது சரியாகாமல் இதைத் தொட்டிருந்தால், ஒவ்வொரு தாளுக்கும் ஒரு திருத்தம் போட்டு ஓய்ந்திருப்பீர்கள். அதனால்தான் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

கம்ப்யூட்டரில் பிரிண்டரை இயக்குகிற டிரைவர் சாஃப்ட்வேரில் இருக்கிற நிறக் கணக்கு எப்சன் இங்க்குக்கும் எப்சன் பேப்பருக்கும் எழுதியது. நீங்கள் இரண்டையும் மாற்றியிருக்கிறீர்கள், அந்தக் கணக்கு தப்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இருந்தாலும் முதலில் வீட்டுக்குள் பார்க்க வேண்டியது, நிறத்தை யார் நிர்வகிக்கிறார்கள் என்பது. பிரிண்ட் ஜன்னலில் போட்டோஷாப் நிறத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று வைத்துவிட்டு, டிரைவரிலும் நிறத் திருத்தம் ஓடினால் ஒரே படத்துக்கு இரண்டு திருத்தம் விழும். அப்போது பெரும்பாலும் மெஜந்தா ஏறி முகம் சிவக்கும். உங்களுக்குப் பச்சை என்பதால் இது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு, ஆனாலும் பார்த்துவிடுங்கள். இரண்டில் ஒன்று மட்டும் ஓட வேண்டும். கேமராவில் அடோபி ஆர்ஜிபி என்கிற அகலமான நிற வரம்பை வைத்து எடுத்து, அதைக் கண்டுகொள்ளாத சாஃப்ட்வேரில் திறந்தாலும் படம் செத்துப்போன மாதிரி வரும். ஸ்டுடியோ வேலைக்கு எஸ்ஆர்ஜிபி என்கிற சாதா நிற வரம்பே போதும்.

அடுத்தது, பிரிண்டை எந்த வெளிச்சத்தில் பார்க்கிறீர்கள்? ஸ்டுடியோவில் சிஎஃப்எல் என்றால் வாசலுக்குக் கொண்டுபோய், வெயில் நேராக விழாத நிழலில் காலை வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட்டில் பச்சையாகத் தெரிவது பகலில் சரியாக இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். எடுத்த சூட்டிலும் முடிவு செய்யாதீர்கள், காயக் காய நிறம் கொஞ்சம் நகரும்.

11 ஆகஸ்ட், இரவு

பகலிலும் பச்சைதானாம். அப்படியானால் ப்ரொஃபைல் செய்யத்தான் வேண்டும். நிறக்கட்டங்கள் கொண்ட ஒரு தாளை, எந்தத் திருத்தமும் இல்லாமல் அச்சிட்டு, கருவியால் அளந்து, உங்கள் இங்க்குக்கும் உங்கள் பேப்பருக்கும் தனிக் கணக்கு எழுதுவது. கலர்மங்கி ஃபோட்டோ, ஐ1 ப்ரோ மாதிரிக் கருவிகள் நம்மால் வாங்குகிற விலை இல்லை. கருவி வைத்திருக்கிற லேபுக்குத் தாளைக் கூரியரில் அனுப்பினால் ஃபைலை மெயிலில் அனுப்பிவிடுவார்கள். கருவி இரவல் கிடைத்தால் ஆர்கில் என்கிற இலவச சாஃப்ட்வேர் போதும்.

அந்தத் தாளை அச்சிடுவதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். போட்டோஷாப் சிஎஸ்5-இலிருந்து திருத்தம் இல்லாமல் அச்சிடும் வசதியை எடுத்துவிட்டார்கள். அதற்கென்றே அடோபி கலர் பிரிண்டர் யுடிலிட்டி என்று தனியாக இலவசமாகத் தருகிறார்கள். அதில் திறந்து, டிரைவரிலும் நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட் வைத்து, அந்தப் பேப்பர் வகையையும் தரத்தையும் குறித்து வைத்துக்கொண்டு அச்சிடுங்கள். ஒருநாள் காயவிட்டு அனுப்புங்கள். ப்ரொஃபைல் வந்த பிறகு அதே பேப்பர் வகை, அதே தரம், அதே இங்க் செட். ஒன்றை மாற்றினாலும் அந்த ஃபைல் செல்லாது.

18 ஆகஸ்ட்

பேப்பர் பற்றிக் கேட்டவர்களுக்கு. மலிவு கிளாஸி பேப்பர் காஸ்ட் கோட்டட் வகை, சாதாத் தாளின் மேல் ஒரு பளபளப்புப் பூச்சு. பின்பக்கம் ஈர விரல் வைத்தால் தண்ணீரை இழுக்கும். ஆர்சி பேப்பரில் நடுத்தாளின் இரு பக்கமும் பிளாஸ்டிக் படலம், லேபில் கழுவிய படம் போலவே கையில் நிற்கும், ஈர விரல் வைத்தால் வழுக்கும். பாஸ்போர்ட்டுக்கும் ஐடி கார்டுக்கும் முதல் வகை போதும். ஆல்பத்துக்கும் ஃப்ரேமுக்கும் ஆர்சிதான். ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், 230 என்று எழுதிய காஸ்ட் கோட்டடும் இருக்கிறது. எடை தெரியும், தரம் தெரியாது.

கறுப்புத் தலைமுடியில் இங்க் குளம் கட்டி நின்றால் பேப்பர் அதைத் தாங்கவில்லை. டிரைவரில் பேப்பர் வகையை மாற்றிப் பாருங்கள், ஒவ்வொரு வகைக்கும் ஊற்றுகிற இங்க்கின் அளவு வேறு. மலிவு பேப்பருக்குக் கிளாஸியின் உச்ச தரம் தேவையே இல்லை.

31 ஆகஸ்ட்

ஃப்ரேம் போட்டுக் கொடுத்த படம் வெளுத்துவிட்டது என்று கஸ்டமர் சண்டைக்கு வந்த கதையை ஒருவர் எழுதியிருக்கிறார். வெயில் மட்டும் காரணம் என்று நினைக்கிறோம். காற்றும் காரணம். 2000-இல் எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 பிரிண்டர்கள் வந்தபோது, சிலருடைய வீட்டில் படம் சீக்கிரமே ஆரஞ்சு நிறமாக மாறியது. வெளிச்சத்தைத் தாங்குகிற இங்க்தான் அது, ஆனால் காற்றில் இருக்கிற ஓசோன் சயானைத் தின்றுவிட்டது. சயான் போனால் மிச்சம் சிவப்பும் மஞ்சளும். நுண்துளைப் பூச்சு உள்ள பேப்பர் இங்க்கைச் சட்டென்று உறிஞ்சும், கையில் எடுக்கும்போதே காய்ந்திருக்கும், ஆனால் அதே துளை வழியாகக் காற்றும் உள்ளே போகும்.

ஆக, டை இங்க் படத்தைத் திறந்து ஒட்டாதீர்கள். கண்ணாடி ஃப்ரேம் அல்லது கோல்ட் லேமினேஷன் (சூடு இல்லாமல் ஒட்டுகிற பிளாஸ்டிக் படலம்). ஆனால் அச்சான உடனே ஃப்ரேமில் அடைத்தால் உள்ளே இருக்கிற ஈரம் கண்ணாடியில் பனியாகப் படியும், ஒருநாள் காயவிடுங்கள்.

புது இங்க் வாங்கினால் ஒரு முகப்படம் போட்டு, பாதியை அட்டையால் மூடி ஜன்னலில் ஒட்டிவிடுங்கள். அவ்வப்போது அட்டையைத் தூக்கிப் பாருங்கள். விற்கிறவர் சொல்வதைவிட அந்தக் கோடு நிறையச் சொல்லும்.

7 செப்டம்பர்

ப்ரொஃபைல் வந்து, தம்பி ஆவணி முகூர்த்தப் படங்களை அதிலேயே போட்டிருக்கிறார். தபாலில் வந்த ஏ4 கையில் இருக்கிறது. வாசலில் வைத்துப் பார்த்தேன். திரை சீராக இருக்கிறது, பட்டுப்புடவையின் அரக்கு அரக்காகவே வந்திருக்கிறது, மணப்பெண் கன்னத்தில் பச்சை துளியும் இல்லை. தலைமுடிக்குள் மட்டும் விவரம் கொஞ்சம் மூழ்குகிறது, அந்த பேப்பரின் எல்லை அது. ஆர்சியில் போட்டால் திறந்துகொள்ளும், ஆனால் அதற்கு வேறு ப்ரொஃபைல் வேண்டும்.

கடைசியாகக் கேட்டிருக்கிறார், இத்தனை பாடு படுவதற்கு டேங்க்கோடு வருகிற எப்சன் எல்800 வாங்கிவிடலாமா என்று. வாங்குவதானால் தாராளமாக வாங்கலாம். அதே ஆறு கலர், கம்பெனியே பொருத்திய டேங்க், சிப் கார்ட்ரிட்ஜ் தொல்லை இல்லை. ஆனால் டேங்க்கின் காற்று வழி, ரப்பர் மூடி, கரண்ட் கட், பேப்பர் கணக்கு எல்லாம் அதற்கும் உண்டு. டி60-ஐ இப்போதைக்கு விற்க வேண்டாம். நாசில் செக்கில் அதே இடத்தில் அதே கோடு, தண்ணீர் வைத்து ஊறவிட்ட பிறகும், பம்ப் சோதனை சரியான பிறகும் வராமல் நின்றால்தான் ஹெட் போய்விட்டது என்று அர்த்தம். அன்றைக்கு எல்800 வாங்கிக்கொள்ளுங்கள்.